விமான நிலையத்திலேயே நின்றுவிட்ட மேக்னெட்ரான்

ஜூன் 15, ஞாயிறு: திருச்சியிலிருந்து தேக்கா

தூத்துக்குடிக்கு வரும் கப்பல்களிலும் இழுவைப் படகுகளிலும் ரேடார் பழுதுபார்ப்பதுதான் பதினேழு ஆண்டுகளாக எனக்குச் சோறு போடும் தொழில். இந்த நிலையில், "நவீன ரேடார் அமைப்புகளின் அடிப்படைகள்" என்ற ஐந்து நாள் பயிற்சிக்கு நிறுவனம் என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்புகிறது என்றதும், இத்தனை வருஷம் கழித்தா அடிப்படை என்று வீட்டில் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் போன ஆடியிலிருந்தே பதில் தெரியாத ஒரு கேள்வி மனத்தில் கிடந்தது. மழை வந்தால் பக்கத்தில் வரும் வள்ளம்கூடத் திரையில் தெரியவில்லை என்று ஓர் இழுவைப் படகின் கேப்டன் முறையிட்டார். ரேடார் அலையை உண்டாக்கும் பழைய மேக்னெட்ரான் சோர்ந்துவிட்டது என்று சொல்லி, முதலாளியைப் பெருந்தொகை செலவழிக்கவைத்து, நானே புதிதாக மாற்றிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் அதே முறையீடு திரும்ப வந்தது. முதலாளி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்; கேப்டன் மட்டும் இன்னும் பேசுவார்.

கழற்றிய அந்த மேக்னெட்ரானைப் பயிற்சியாளரிடம் காட்டலாம் என்று துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தேன். திருச்சி விமான நிலையத்தில் பெட்டி எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போன வேகத்திலேயே என்னைக் கூப்பிட்டார்கள். "இது என்ன?" என்று கேட்ட அதிகாரியிடம், "ரேடார்ல இருக்கிற சாமான் சார்" என்று நான் விளக்கியது நிலைமையை மேலும் கெடுத்தது. அதில் இருக்கும் காந்தம் மிகவும் வலுவானது, விமானத்தில் ஏற்ற முடியாது என்று அவர் சொன்னது நியாயமே. வழியனுப்ப வந்திருந்த மச்சானைத் திரும்ப அழைத்து, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் கையில் ஒப்படைத்தேன். அது பீரோ கதவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்று இரவு போன் செய்தார்.

தங்குமிடம் தேக்கா என்றழைக்கப்படும் லிட்டில் இந்தியாவில், டன்லப் தெருவில். விளம்பரப் படத்தில் அழகிய திரைச்சீலை தொங்கியது. அறைக்கு வந்து அதை விலக்கிப் பார்த்தால் பின்னால் சுவர், சன்னலே கிடையாது. கீழே இருந்த பையனிடம் கேட்டேன். "படத்துல திரைதானே அங்கிள் போட்டிருக்கோம், சன்னல் போடலையே" என்றான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் நடப்பது திருவிழாக் கூட்டத்தில் நீந்துவதற்குச் சமம். வாரத்தில் ஒரே விடுமுறை நாள் என்பதால், தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் நம் ஊர்த் தொழிலாளிகள் இங்கே வந்து சேர்கிறார்கள். தேக்கா உணவங்காடி நிலையத்தில் இரண்டு பரோட்டாவும் தே தாரே என்கிற நுரை பொங்க ஆற்றிய பால் தேநீரும் வாங்கிக்கொண்டு இடம் தேடியபோது, இராமநாதபுரத்துக்காரர் ஒருவர் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். சாப்பிட்டு நான் எழுந்ததும், "அண்ணே, தட்டை அங்க கொண்டுபோய் வச்சிருங்க, இல்லன்னா அபராதம்" என்று மெல்லச் சொன்னார். எல்லாம் சேர்த்து ஐந்து வெள்ளிக்குச் சற்றுக் கூட. இங்கே தமிழில் டாலரை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். அப்போது ஒரு வெள்ளி ஏறக்குறைய 67 ரூபாய் என்று மனம் பெருக்கத் தொடங்கியது. வாரம் முழுவதும் அது ஓயவில்லை.

ஜூன் 16, திங்கள்: பாதியும் பதினாறும்

லிட்டில் இந்தியாவிலிருந்து டவுன்டவுன் பாதையில் பொட்டானிக் கார்டன்ஸ் வரை போய், அங்கே வட்டப் பாதைக்கு மாறினால் வகுப்பு நடக்கும் ஒன்-நார்த். வெளியே புழுக்கம், வகுப்புக்குள் மார்கழி. பதினான்கு பேரில் பாதிப்பேர் ஸ்வெட்டருடன் வந்திருந்தார்கள், விவரம் தெரிந்தவர்கள்.

எனக்குப் பக்கத்தில் உட்லண்ட்ஸிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பெண். விமானப் போக்குவரத்துக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நான் தமிழன் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா அண்ணே?" காலை உணவுக்கு இத்தனை அழகான சொல்லை நாம் எப்போது கைவிட்டோம் என்று தெரியவில்லை.

பயிற்சியாளர் தலை நரைத்த சீனர், நிதானமாகப் பேசுபவர். ஒரு மைக்ரோ விநாடியில் ரேடார் அலை 300 மீட்டர் ஓடும். போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், எதிரொலி வர ஒரு மைக்ரோ விநாடி ஆனால் இலக்கு 150 மீட்டரில் இருக்கிறது. இதுவரை எனக்குத் தெரிந்த கதைதான். அதற்கடுத்துப் பலகையில் எழுதிய ரேடார் சமன்பாடுதான் என்னை உலுக்கியது. அனுப்பும் அலை போகும்போது தூரத்தின் இருபடிக்கு ஏற்ப மெலிகிறது, திரும்பும்போது மீண்டும் அதே அளவு மெலிகிறது. ஆகவே வந்து சேரும் எதிரொலி தூரத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் குறைகிறது. இரண்டு மடங்கு தூரம் பார்க்க வேண்டுமானால் பதினாறு மடங்கு திறன் வேண்டும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு வியர்த்தது, அந்தக் குளிரிலும். திறன் சரிபாதியாகக் குறைந்தால் பார்வைத் தூரம் பாதியாகிவிடாது. பாதியின் நான்காம் படிமூலம் 0.84. அதாவது 20 கடல் மைலில் தெரிந்த கப்பல், மேக்னெட்ரான் பாதி செத்த பிறகும் ஏறக்குறைய 17 மைலில் தெரியும். அப்படியிருக்க, கால் மைல் தள்ளி வரும் வள்ளம் மறைவதற்கு மேக்னெட்ரானைக் குற்றம் சொன்னவன் நான். குறிப்பேட்டில் கேப்டனின் பெயரை எழுதி அடிக்கோடிட்டேன்.

மதியம் கீழே இருந்த உணவுக்கடையில் காலி மேசை ஒன்றில் போய் உட்கார்ந்தேன். மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அதில் ஒன்றை எடுத்துக் கையையும் துடைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் நூடுல்ஸ் தட்டோடு வந்த ஒரு பெண் என்னையும் பாக்கெட்டையும் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். டிஷ்யூ வைத்திருந்தால் அந்த இடம் பிடித்தாகிவிட்டது என்று பொருள், இங்கே சட்டம் மாதிரி என்று என் வகுப்புத் தோழி பிறகு சொன்னார். நம் ஊர்ப் பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போடுவதுதான். ஆனால் நம் ஊரில் துண்டின்மேல் உட்கார்ந்தவனை இப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

ஜூன் 17, செவ்வாய்: சன்னல் இல்லாதவனின் மழை

காலை ஏழரைக்கு அறையைவிட்டுக் கீழே இறங்கும்வரை வெளியே மழை பெய்வது எனக்குத் தெரியாது. அதுவும் சாதாரண மழையல்ல. எதிர்ச்சாரிக் கடையின் பெயர்ப்பலகை தெரியவில்லை. வரவேற்பறைப் பையன் வானிலை மையத்தின் மழைப்படத்தைத் தன் கைப்பேசியில் காட்டினான். சுமத்ரா பக்கம் உருவாகி நீரிணையைக் கடந்து, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு நீண்ட கோடு தீவின்மேல் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. சுமத்ரா சூறை என்று இதற்குப் பெயர். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்காலையிலோ காலையிலோ வந்து ஓரிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். சன்னல் இல்லாத என் அறைக்கு அந்த ரேடார் படமே சன்னல் என்று அன்று முதல் வைத்துக்கொண்டேன்.

குடையில்லாமல் கடை வாசலில் நின்றவனை, சாலையைக் கடக்கவிருந்த ஒரு சீன மூதாட்டி "கம், கம்" என்று கூப்பிட்டுத் தன் குடைக்குள் சேர்த்துக்கொண்டார். நான் அவரைவிட ஓரடி உயரம். குடைக் கம்பி என் நெற்றியிலேயே இருந்தது. ரயில் நிலைய வாசலில் நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் அவர் எதிர்த்திசையில் திரும்பி நடந்துவிட்டார். எனக்காக மட்டுமே அங்கே வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

பொட்டானிக் கார்டன்ஸில் ரயில் மாறும்போது வலது காலணியின் அடிப்பாகம் வாய் பிளந்தது. பையில் எப்போதும் இருக்கும் நீல இன்சுலேஷன் டேப்பை நான்கு சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஈரத்தில் சப்பென்று ஓசையெழுப்பியபடி வகுப்புக்குள் நுழைந்தேன். பயிற்சியாளர் காலணியைப் பார்த்தார். பார்க்காததுபோல் பாடத்தைத் தொடங்கினார்.

பாடமும் மழைதான். அன்றைய சூறையின் படத்தையே திரையில் போட்டார். மழைத்துளி அலைநீளத்தைவிட மிகச் சிறியது. அத்தகைய துளியிலிருந்து திரும்பும் அலையின் வலிமை, அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். அதனால் 3 சென்டிமீட்டர் அலையில் இயங்கும் கப்பல் ரேடாருக்கு, அதே மழை 10 சென்டிமீட்டர் ரேடாருக்குத் தெரிவதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு பளிச்சென்று தெரிகிறது. போதாக்குறைக்கு, 3 சென்டிமீட்டர் அலையை மழை வழியிலேயே விழுங்கியும் விடுகிறது. கனமழைப் பகுதிகளில் தொலைவு பார்க்க வேண்டிய வானிலை ரேடார்கள் 10 சென்டிமீட்டரைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். சென்னைத் துறைமுகத்து டாப்ளர் ரேடாரும் அவ்வகையே. பெரிய கப்பல்களில் இரண்டு அலையிலும் ரேடார் இருப்பதைப் பார்த்திருக்கிறேன், இரண்டையும் பழுதுபார்த்திருக்கிறேன். ஒன்று கெட்டால் இன்னொன்று என்பதற்காகத்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

மாலை முஸ்தபா சென்டரில் 39 வெள்ளிக்குப் புதுக் காலணி. பெருக்கிப் பார்த்துவிட்டு, கணக்கை நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 18, புதன்: கையில் இல்லாத பொருளைப் பற்றி

இன்று அலை அனுப்பும் கருவிகள். மேக்னெட்ரானைக் கழற்றி மாட்டியவர் யாராவது உண்டா என்று பயிற்சியாளர் கேட்டார். வகுப்பில் எழுந்த ஒரே கை என்னுடையது. முன்னே வரச் சொன்னார். பொருள் பீரோ கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெறுங்கையால் காற்றில் வரைந்து காட்டினேன். நடுவில் சூடாகி எலெக்ட்ரானை உமிழும் கேத்தோடு, சுற்றிலும் செம்பில் குடைந்த குழிகள், வெளியே காந்தம். எலெக்ட்ரான் நேரே ஓடப் பார்க்கும், காந்தம் அதை வளைத்துச் சுற்றவிடும். குழி வாய்களைக் கடந்து சுற்றும்போது, புட்டி வாயில் ஊதினால் ஓசை எழுவதைப்போல ஒவ்வொரு குழியும் தன் அலைவெண்ணில் அதிரும். மாற்றும்போது இரும்புத் திருப்புளியைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது, காந்தம் பிடுங்கிக்கொள்ளும் என்றும், புதிதாக மாட்டியவுடன் அரை மணி நேரம் சூடேறவிட்ட பிறகே அலை அனுப்ப வேண்டும் என்றும் சொன்னேன். என் ஆங்கிலம் திக்கிய இடங்களில் வகுப்புத் தோழி சொல் எடுத்துக் கொடுத்தார். முடிந்ததும் கைதட்டினார்கள். புத்தகத்தில் படித்தவர்கள் நடுவில், விரல் சுட்டவனுக்கும் ஓர் இடம் கிடைத்தது.

1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் குழிவு மேக்னெட்ரானை உருவாக்கினார்கள். அதே ஆண்டு பிரிட்டிஷ் குழு ஒன்று அதைப் பெட்டியில் வைத்துக் கப்பலில் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுசென்றது என்றார் பயிற்சியாளர். என்னால் திருச்சியைத் தாண்ட முடியவில்லை என்றேன். அன்றைய பெரிய சிரிப்பு அதுதான்.

பிற்பகல் பாடம் என் தொழிலின் எதிர்காலம் பற்றியது. மேக்னெட்ரான் 25 கிலோவாட்டில் ஒரு சுருக்கமான அடி அடிக்கிறது. மேக்னெட்ரானுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வைத்த புதிய திண்மநிலை ரேடார்கள் சில நூறு வாட்டோ அதற்கும் குறைவாகவோ வைத்துக்கொண்டு நீளமாக முனகுகின்றன. 10 மைக்ரோ விநாடித் துடிப்பு என்றால் 1500 மீட்டருக்குள் இருக்கும் இரண்டு படகுகள் ஒன்றாகக் குழம்ப வேண்டும். ஆனால் கீழிருந்து மேலே ஏறும் சீழ்க்கையைப்போல, துடிப்புக்குள்ளேயே அலைவெண்ணை 10 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி அனுப்பி, திரும்பி வந்ததை அந்த ஏற்றத்தை வைத்தே சுருக்கினால், 15 மீட்டர் இடைவெளிகூடப் பிரிந்து தெரிகிறது. இதில் ஒரு சங்கடம் உண்டு: வாய் பேசும்வரை காது கேட்காது. 10 மைக்ரோ விநாடி பேசிக்கொண்டிருந்தால் முதல் ஒன்றரைக் கிலோமீட்டர் குருடு. அதற்காக நடுநடுவே குறுந்துடிப்பையும் கலந்து அனுப்புகிறார்கள்.

இரவு சாப்பாடு ரேஸ் கோர்ஸ் சாலையில்; வாழையிலையில் மீன் தலைக் குழம்பு. ஒற்றை ஆளுக்கு மீன் தலை அதிகம், விலையும் அதிகம். தூத்துக்குடிக்காரன் வெளியூரில் மீனைக் குறை சொல்லக் கூடாது; குழம்பு இனித்தது என்பதை மட்டும் பதிந்துவைக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்: மீன்முள் ஆன்டெனா

புதுக் காலணி இடது குதிகாலைக் கடித்துவிட்டது.

ஆன்டெனா பாடத்தின் நடுவே பயிற்சியாளர் ஊர்க்கதை ஒன்று சொன்னார். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பிரிட்டிஷார் விட்டுப்போனவற்றில், நியூமன் என்ற ரேடார்க்காரரின் கையெழுத்துக் குறிப்பேடு ஒன்று ஜப்பானியரிடம் சிக்கியது. அதைப் படித்த ஜப்பானியப் பொறியாளர்களுக்கு அடிக்கடி வந்த ஒரு சொல் விளங்கவில்லை. அதை எப்படி உச்சரிப்பது என்பதுகூடத் தெரியவில்லை. கைதியாக இருந்த நியூமனிடமே கேட்டார்கள். அது இந்த ஆன்டெனாவைக் கண்டுபிடித்த ஜப்பானியரின் பெயர் ஆயிற்றே, யாகி, என்றாராம் அவர். 1926இல் தோஹொக்கு பல்கலைக்கழகத்தில் யாகியும் உடாவும் உருவாக்கிய ஆன்டெனாவைச் சொந்த நாடு கண்டுகொள்ளவில்லை. பிரிட்டனின் ரேடாரில் ஏறிச் சிங்கப்பூர் வழியாக அது ஊர் திரும்பியது.

எனக்கு யாகி என்றால் மீன்முள் ஆன்டெனா. எண்பதுகளில் எங்கள் தெருவில் உயரமான குழாயில் அதைக் கட்டி, இலங்கை ரூபவாஹினியைப் பிடிப்போம். அப்பா மொட்டைமாடியில் குழாயைத் திருப்ப, கீழே இருந்து "தெரியுது, தெரியுது, போச்சு" என்று கத்துவது என் வேலை. திசைக்கூர்மை என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறை வகுப்பு எனக்குப் பிற்பாடு கிடைக்கவில்லை.

பிற்பகல் பொய் எச்சரிக்கை பற்றியது. திரையில் ஒரு புள்ளியை இலக்கு என்று ஏற்க எவ்வளவு வலிமை வேண்டும் என்ற வாசலை நிரந்தரமாக வைத்துவிட்டால், அலையடிக்கும் கடலில் எல்லாமே இலக்காகும். வாசலை உயர்த்தினால் உண்மைப் படகும் வெளியே நின்றுவிடும். ஆகவே நவீன ரேடார்கள் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு வாசலை இடத்துக்கு இடம் மாற்றுகின்றன. "ஞாயித்துக்கெழம தேக்காவுல கூப்பிடணும்னா கத்தணும், லைப்ரரியில கிசுகிசுத்தாலே போதும், அதானே அண்ணே?" என்றார் தோழி. பயிற்சியாளர் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது இதற்குத்தான்.

பழைய ரேடார்களில் இந்த வேலையைக் கையால் செய்வது "சீ கிளட்டர்" குமிழ். கடல் அலையின் எதிரொலி பக்கத்தில்தான் பலமாக இருக்கும் என்பதால், அருகிலிருந்து வருவனவற்றுக்கு மட்டும் அது காதை அடைக்கிறது. அதிகம் திருகினால் அலையோடு சேர்ந்து சிறு படகும் போய்விடும். இரும்புக் கப்பல் தப்பிக்கும்; எதிரொலி மெலிந்த மரவள்ளமும் பைபர் படகும் தப்பாது. மழையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். குறிப்பேட்டில் கேப்டன் பெயருக்குக் கீழே இரண்டாவது கோடு போட்டேன்.

ஜூன் 20, வெள்ளி: கொப்புளத்தைக் கேட்ட ரேடார்

கடைசி நாள் செய்முறை. தீப்பெட்டி அளவில் 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் அட்டை ஒன்றை ஒலிபெருக்கியோடு இணைத்து மேசைமேல் வைத்தார்கள். நடக்கிற வேகத்தில் ஒருவர் அதை நோக்கி வந்தால், அனுப்பிய அலைக்கும் அவர்மேல் பட்டுத் திரும்பும் அலைக்கும் அலைவெண் வித்தியாசம் ஏறக்குறைய 240 ஹெர்ட்ஸ். அதாவது காதுக்குக் கேட்கிற சுருதி. ஒவ்வொருவராக நடந்தோம். உடம்பு ஒரே சீராக முனக, அதன்மேல் வீசும் கையும் காலும் ஏறி இறங்கும் இழைகளாகக் கேட்டன. தோழி நடந்தபோது விறுவிறுவென்று சீரான தாளம். நான் நடந்தபோது ஓர் அடி நீளம், ஓர் அடி குட்டை. பயிற்சியாளர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இடது காலா?" என்றார். முஸ்தபா காலணியின் கொப்புளத்தை ரேடார் கண்டுபிடித்துவிட்டது.

சான்றிதழில் என் அப்பாவின் பெயர் அச்சாகியிருந்தது. முதலெழுத்தை விரித்து எழுதச் சொல்லும் படிவங்கள் உள்ளவரை, அப்பாக்கள் இறந்த பின்னும் பட்டம் பெற்றுக்கொண்டுதான் இருப்பார்கள். திருத்தி அனுப்புவதாகச் சொன்னார்கள். அப்பா மொட்டைமாடியில் ஆன்டெனா திருப்பியவர். இதை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 21, சனி: பிடோக் படகுத்துறை

விமானம் இரவில். பகலில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டதற்குத் தோழி நீளமான பட்டியல் கொடுத்தார். கப்பல் தெரிகிற இடம் மட்டும் போதும் என்றேன். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடலுக்குள் நீளும் பிடோக் படகுத்துறைக்குப் போகச் சொன்னார். இருபுறமும் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே நங்கூரமிட்ட கப்பல்கள், அடிவானம்வரை வரிசையாக. அருகில் கடந்து போன ஒரு விநியோகப் படகின் உச்சியில் ஆன்டெனா சுற்றிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்: நிமிஷத்துக்கு 24 சுற்று. சரியாக இருந்தது.

பக்கத்தில் தூண்டிலோடு இருந்த பெரியவர், "என்ன தம்பி எண்றீங்க?" என்றார். சொன்னேன். தான் இளமையில் துறைமுகத்தில் வேலை பார்த்ததாகவும், ரேடார் வைத்த படகில் போவதைவிட ரேடாருக்குத் தெரியாத படகில் போவதுதான் பயம் என்றும் சொல்லி, பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கப்பல்களுக்கு நடுவே மோட்டார் வைத்த சிறு மரப்படகு ஒன்று குறுக்கே போனது. அதன் கம்பத்தில் தகரத் தகடுகளைச் செங்குத்தாகச் சேர்த்த எதிரொளிப்பான் கட்டியிருந்தது. அலை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும் மூலை. நம் ஊரில் நான்கு தகடு வெட்டிக் கட்ட எவ்வளவு ஆகும் என்று, இம்முறை ரூபாயிலேயே கணக்குப் போட்டேன்.

அங்கிருந்தே கேப்டனுக்குச் செய்தி அனுப்பினேன். எதையும் தொட வேண்டாம், சீ கிளட்டர் குமிழ் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன்.

சாங்கியில் ஆறரை வெள்ளிக்கு ஒரு காப்பியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது படம் வந்தது. குமிழ் முக்கால்வாசிக்கு மேல் திருகியிருந்தது. போன ஆடிக் காற்றில் கடல் கொந்தளித்தபோது யாரோ திரையைச் சுத்தமாக்க அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். பிறகு யாரும் அசைக்கக் கூடாது என்று அதன்மேல் இரண்டு சுற்று டேப்பும் ஒட்டியிருக்கிறார்கள். நீல டேப். என் பையில் மீதி இருப்பது அதே சுருள்தான்.